நாற்பத்தொன்றாம் வீட்டுத் தென்னை

1975ஆம் ஆண்டு முழுவதும் மகேந்திரராஜா சிட்னியில் வேலை செய்தார், வெஸ்ட்மீட்டில் உறங்கினார், ஜாவாவில் வாழ்ந்தார். ஜாவாவை அவர் கண்ணால் கண்டதில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில், மூன்றாம் மாடியில், வெயில் விழாத யன்னலோரம் ஒரு சாய்வு மேசை. அங்கே அவர் படவரைஞர். ஹெலன் என்ற ஆய்வாளர் ஜாவாவின் வடகரையில் ஒரு சிற்றூருக்கு இரண்டு முறை போய்த் தங்கி, யாருக்கு எந்த வயல், எந்தப் படகில் யாருக்கு எத்தனை பங்கு, யாருடைய வளவில் யாருடைய தென்னை நிற்கிறது என்றெல்லாம் இருபத்திரண்டு குறிப்புப் புத்தகங்கள் நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோழிக்கூட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. அத்தனையையும் ஒரே வரைபடமாகக் கீறித் தருவது மகேந்திரராஜாவின் பொறுப்பு. ஊர்க்காரரின் பெயர்கள் வெளியே வரக்கூடாது என்பது ஆய்வாளரின் விதி. அதனால் ஒன்று முதல் நூற்றுப்பன்னிரண்டு வரை வீடுகளுக்கு எண் மட்டுமே.

எண்தானே என்று வேறொருவர் கீறிவிட்டுப் போயிருப்பார். இவருக்கு அது முடியவில்லை. குறிப்புப் புத்தகங்களை எழுத்தெண்ணி வாசித்தார். இருபத்தெட்டாம் வீட்டுக்காரன் நாற்று நட்டு முடிந்ததும் கலப்பையைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போகிறவன். அறுபதாம் வீட்டுக்காரிக்கு வயல் இல்லை, ஆனால் இரண்டு படகுகளில் வலைப்பங்கு உண்டு. எழுபத்துமூன்றாம் வீட்டார் இடம் மாறியபோது வீட்டையே கழற்றித் தூண், கூரை, கதவு என்று ஆளுக்கொன்றாய்த் தோளில் சுமந்து போனார்கள். வீடு அங்கே பாத்திரம் பண்டம் மாதிரி ஒரு சாமான். இதை வாசித்த அன்று மகேந்திரராஜாவுக்கு வேலையே ஓடவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பரமட்டா பக்கத்துச் செங்கல் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பி, நாலு பேர் தோளில் ஏறி, மெல்ல மெல்லக் கடலைப் பார்த்துப் போயின.

வெஸ்ட்மீட்டில் சிறிதரன், யோகா தம்பதியின் வீட்டில் பின்னறை அவருடையது. அப்போது அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் தெருவெல்லாம் செம்மண் சேறு. மழைச் சத்தம் கேட்டதும் மகேந்திரராஜா சோற்றுக் கோப்பையில் பிசைந்த கையோடு அப்படியே இருந்துவிடுவார். இருபத்தெட்டாம் வீட்டு நாற்று இப்போது தாங்குமா என்று யோசனை.

"அண்ணை, இப்ப எங்க நிக்கிறியள்?" என்று யோகா குசினிக்குள் இருந்து கேட்பாள். "வயலுக்குத் தண்ணி கட்டியாச்சோ? சோறு ஆறுது."

"ஓம் பிள்ளை, வந்திட்டன்."

"நார்த்மீட்டில துண்டுக் காணி விலைக்கு வந்திருக்காம். இவரும் பாத்திட்டு வந்தவர். நீங்களும் ஒண்டை வாங்கி விடுங்கோவன். நாப்பத்திமூண்டு வயசாச்சு."

"எனக்கேன் பிள்ளை காணி?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழு ஆயுள் இருந்தது. யாழ்ப்பாணத்து நில அளவைக் கந்தோரில் பதினெட்டு வருடம் ஊராரின் காணிகளைக் கீறியவர் அவர். வீட்டில் நான்கு தங்கைகள். ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் வரும்போது காணி ஒரு துண்டு குறையும். அந்தத் துண்டுக்கு வரைபடம் கீறியவரும் அவரே. கடைசித் தங்கை கமலினிக்கு வீடும் கிணறும் வளவும் போயின. எல்லாருக்கும் அவர் மேல் கொள்ளைப் பாசம். ஒருத்தியும் அவரை வெளியே போ என்று சொன்னதில்லை. ஆனால் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்க மனம் கேட்கவில்லை. 1974இல் விண்ணப்பம் போட்டுக் கப்பலேறினார். உலகத்தில் எந்தத் தாளிலும் அவர் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லை. அவர் கீறிய ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றில்கூட, மை பிசகி, சவர அலகால் சுரண்டி அழித்த தழும்பும் இல்லை. அது ஒன்றுதான் அவருடைய சொத்து, அவருடைய திமிரும் அதுதான்.

எழுபத்தாறாம் ஆண்டு மே மாதம் ஹெலன் மேசைக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். அந்த ஊரில் காணிகளை அளந்து பத்திரம் கொடுக்கப்போகிறார்களாம். ஊர்க் கந்தோரில் ஒழுங்கான படம் இல்லாததால், இந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கேட்டிருக்கிறார்களாம். ஜூனில் அவரே கொண்டுபோகப் போகிறார். இன்னும் மூன்று வாரம்.

அதுவரை மகேந்திரராஜா கனவில் கீறிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவருடைய பேனாவுக்கு முன்னால் உயிருள்ள ஆட்கள் வந்து நின்றார்கள்.

மிச்சமிருந்தது கரையோரத் துண்டு. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளவுகள். ஒன்றாம் வீடு ஊர்த்தலைவருடையது. நாற்பத்தொன்றாம் வீடு ஒரு விதவையுடையது. அவளுக்கு வயல் இல்லை, படகில் பங்கும் இல்லை. படகுக்காரரிடம் மீன் வாங்கி உப்புப் போட்டு, வீட்டின் பின்புறம் கடல்வரை நீளும் ஒடுங்கிய துண்டில் மூங்கில் தட்டுகளில் காயவைத்து விற்பாள். அந்தத் துண்டில் வரிசையாக ஐந்து தென்னைகள். ஐந்தும் அவளுடையவை.

ஹெலன் 1972இல் கையால் கீறிய படத்தில் ஐந்து தென்னையும் விதவையின் பக்கம் நின்றன. 1974இல் கீறியதில் மூன்று தென்னை வேலிக்கு அப்பால், ஊர்த்தலைவரின் பக்கம். அதற்கு நேரே ஹெலன் மகிழ்ச்சியோடு இரண்டு கோடு அடித்து எழுதியிருந்தார்: "நிலம் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு. இவ்வூர் வழக்கத்துக்கு மிக நல்ல உதாரணம்."

மகேந்திரராஜா மைப்பேனாவை மூடி வைத்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகங்களைப் புரட்டினார். எழுபத்திரண்டில், "செம்பருத்தி வேலி, என் தலைக்கு மேல்." எழுபத்துநாலில், "செம்பருத்தி வேலி, முழங்கால் உயரம்." அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "நாற்பத்தொன்று இப்போது மீனை வயல் வரம்பால் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறாள். ஏனென்று கேட்கவில்லை."

வேலி விவகாரத்தில் யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கதியால் என்கிற வேலித்தடியை மாற்றி நடுகிற சாட்டில் வேலி ஒரு முழம் நகரும். அடுத்த வருடம் இன்னொரு முழம். கேட்டால் வாய்ச்சண்டை, பிறகு வழக்கு, பிறகு மூன்று தலைமுறைக்குப் பேச்சில்லை. மகேந்திரராஜாவுக்கு இது நன்றாகவே தெரியும். இருபத்துநாலு வயதில், கந்தோரில் சேர்ந்த புதிதில், மீனாம்பாள் என்ற பெண்ணின் வளவைக் கீறும்போது வேலி தள்ளி நிற்பதை அவர் கண்டார். பழைய படம் கையில் இருந்தது. பக்கத்து வளவுக்காரர் பெரிய மனிதர். வேலி நின்ற இடத்திலேயே கீறினார், வாய் திறக்கவில்லை. கிணற்றுக்குப் போகும் ஒழுங்கைப் பாதை அதோடு மீனாம்பாளுக்கு இல்லாமல் போயிற்று. கீறுவது என் வேலை, கேட்பது என் வேலையில்லை என்று அன்றைக்குத் தனக்குச் சொன்னதை அவர் பிறகு ஒருநாளும் நம்பியதில்லை.

அந்த வாரம் ரயிலில் செங்கல் வீடுகள் எழும்பவில்லை. ஒரு பெண் மட்டும் தலையில் மீன்கூடையோடு வயல் வரம்பால் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. சில நேரம் அது மீனாம்பாள், குடத்தோடு.

வெள்ளிக்கிழமை அவர் ஹெலனின் அறைக் கதவைத் தட்டினார். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் மகேந்திரராஜாவின் ஆங்கிலம் யாழ்ப்பாணத்து வேலிக்குள் வளர்ந்தது. அதை அப்படியே தமிழில் எழுதினால் ஒரு குறையும் வராது.

"டொக்டர், நாப்பத்தொண்டாம் வீட்டு எல்லையை எங்க கீற?"

"வேலி நிற்கிற இடத்தில்தான். ஏன்?"

"வேலி பிழையான இடத்தில நிக்குது."

ஹெலன் சிரித்தார். "அங்கே மரமும் நிலமும் வேறுவேறு ஆளுக்கு இருக்கும், மகேன். அதைப் பற்றித்தான் நான் ஒரு புத்தகமே எழுதுகிறேன்."

"அது சரி. ஆனா டொக்டர், வேலி எண்டால் வருசத்துக்கு வருசம் வளர வேணும். உங்கட புத்தகத்தில ரெண்டு வருசத்தில தலைக்கு மேலால இருந்து முழங்காலுக்கு வந்திருக்கு. புதுசா நட்ட வேலி அது. தென்னை ஒண்டும் அசையேல்லை."

அவர் இரண்டு தாளையும் யன்னல் கண்ணாடியில் பிடித்தார். ஐந்து தென்னையும் ஐந்து தென்னை மேல் சரியாக வந்து உட்கார்ந்தன. வேலி மட்டும் பொருந்தவில்லை.

ஹெலன் எழும்பி வந்து இரண்டு தாளையும் தன் கையால் பிடித்துப் பார்த்தார். படித்த பெண். ஊர்வழக்கம் ஒவ்வொன்றும் விரல்நுனியில். அந்தப் படிப்பே கண்ணை மறைத்துவிட்டது.

"நான் பதினொரு மாதம் அந்தத் தலைவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்" என்றார் கடைசியில். "அவர் மனைவி எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்திருந்தாள். நான் இதைக் கொண்டுபோய்க் காட்டினால் திரும்ப அந்த ஊருக்குள் விடமாட்டார்கள்."

"தெரியும். ஆனா இந்தப் படத்தை வச்சுத்தான் பத்திரம் எழுதப்போறாங்கள். அதுக்குப் பிறகு அந்த மனிசிக்குக் கடலுக்குப் போக வழியும் இல்லை, மீன் காயவைக்க இடமும் இல்லை."

"நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"நீங்கள் கண்டதை மட்டும் கீறுறன். எழுபத்திரண்டில கண்ட வேலி ஒரு கோடு, எழுபத்துநாலில கண்ட வேலி ஒரு கோடு. ரெண்டுக்கும் பக்கத்தில வருசம். வேறொண்டும் வேண்டாம்."

ஹெலன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சனியும் ஞாயிறும் மகேந்திரராஜா பின்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அண்ணைக்கு ஜாவாவில் காய்ச்சல் என்று யோகா ரசம் வைத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை சாய்வு மேசையில் ஒரு சிறு தாள் இருந்தது. "இரண்டு கோடும் போடுங்கள்." அவ்வளவுதான். அவர் போட்டார். கை ஒரு மயிரிழையும் நடுங்கவில்லை.

ஜூனில் ஹெலன் போனார். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஒரு கடிதமும் இல்லை. மகேந்திரராஜாவுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள், ஏதோ ஆட்டுப் பண்ணைகளின் படம். ஆடு ஆடாகப் புள்ளி வைத்தார். பழைய வழக்கத்தில் ரயிலில் கண்ணை மூடினால் அந்த ஊர் வந்தது. ஆனால் கரையோரம் மட்டும் வெள்ளைத் தாளாகக் கிடந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, தெரியாததை அவரால் கீறவும் முடியாது. அந்த மனிசியைச் சும்மா இருந்த இடத்தில் இருக்க விடாமல் வம்பில் மாட்டிவிட்டேனோ என்ற பயம் நெஞ்சை அரித்தது.

செப்டெம்பரில் ஒரு காலை, ஹெலன் வெயிலில் கறுத்துப்போய் வந்து சாய்வு மேசைக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படத்தை ஊர்க் கந்தோர்ச் சுவரில் மாட்டினார்களாம். ஊரே வந்து தத்தம் வளவைத் தேடியதாம். இரண்டு கோட்டையும் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தலைவர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் படத்தின் முன்னால் நின்றார். பிறகு, நம்முடைய ஆட்கள் வேலியைக் கவனமில்லாமல் நட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். அடுத்த நாள் செம்பருத்தியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார்கள். அளக்க வந்தவர்கள் அந்த எல்லையைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். ஹெலனுக்கு அந்த வீட்டில் சாப்பாடு தொடர்ந்து கிடைத்தது, பேச்சுத்தான் குறைந்துபோயிற்று.

மகேந்திரராஜா பேனாத் துடைக்கும் துணியை மடித்து மடித்து வைத்தார்.

"நாற்பத்தொன்று உங்களைப் பற்றிக் கேட்டாள்" என்றார் ஹெலன். "அவள் பெயர் ராசியெம். இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்டாள். சிட்னியில் ஒருவர் என்றேன். அவருக்கு எவ்வளவு காணி இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று நீங்கள் ஒருநாள் சொன்னது நினைவிருந்தது, சொன்னேன். அவளால் நம்ப முடியவில்லை."

"பிறகு?"

"கூட்டிக்கொண்டுபோய் மூன்றாவது தென்னையைக் காட்டினாள். வேலி ஒட்டிப் போனதே, அந்த மரம். நிலம் என்னுடையது, இந்த மரம் அவருடையது, ஊரறியச் சொல்லிவிட்டேன் என்றாள். காய் பறித்தால் பாதி நிலத்துக்காரிக்கு, பாதி உங்களுக்கு. நீங்கள் வரும்வரை உங்கள் பாதியை அவள் எண்ணெயாக்கி விளக்குக்கு வைப்பாளாம்." ஹெலன் பையிலிருந்து, எந்த மரம் யாருடையது என்று படத்தோடு சேரும் மரப் பட்டியலின் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அங்கே இது வழக்கம், மகேன். இந்த முறை உண்மையாகவே வழக்கம்தான். பட்டியலில் திருத்த வேண்டும்."

ஹெலன் போன பிறகு மகேந்திரராஜா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகிழ்ச்சியா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. தங்கைகளின் நான்கு துண்டுகளும், பதினெட்டு வருடத்து ஊரார் காணிகளும், மீனாம்பாளின் ஒழுங்கையும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. பிறகு எங்கோ ஓலை சரசரத்தது. வெள்ளையாகக் கிடந்த கரையோரம் நிறைந்து, மூங்கில் தட்டுகளில் மீன் காய்ந்தது. மூன்றாவது மரத்தடியில் கொஞ்சம் நிழல் விழுந்தது.

மரம், மூன்றாவது. நிலம், நாற்பத்தொன்று. மரத்துக்கு உரியவர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். பெயர் எழுதக்கூடாது என்பது விதி. அந்த ஊரில் நூற்றுப்பன்னிரண்டு எண்கள்தான் இருந்தன. அவர் நூற்றுப்பதின்மூன்று என்று எழுதினார்.

கை நடுங்கிவிட்டது. கடைசி இலக்கத்தில் மை பரவிப் போயிற்று. மகேந்திரராஜா மேசை இழுப்பறையைத் திறந்து, அதுவரை ஒருநாளும் பயன்படுத்தாத சவர அலகை எடுத்து, மையை மெல்லச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் அதே எண்ணை இன்னொருமுறை எழுதினார்.