குங்குமம் பட்ட காசுத்தாள்

எங்கள் வீட்டுக்கு எந்தக் காசு வந்தாலும் முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். அம்மா அதன் மூலையில் குங்குமம் தொட்டுவைத்த பிறகுதான் செலவுக்கு எடுக்கலாம். நெல் விற்ற காசுக்கும் அதே மரியாதைதான். ஜேர்மனியிலிருந்து அண்ணா ஓர் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய மார்க் தாளுக்கும் அதுவே நடந்தது.

அது அப்பாவின் இருதய வைத்தியத்துக்கு வந்த காசு. மல்லாவி ஆஸ்பத்திரியில் வவுனியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அங்கே போக அனுமதிக்கும் பாஸுக்குக் காத்திருந்தோம். வெளிநாட்டுக் காசை வங்கியில்தான் மாற்றவேண்டும், ஆளுக்கு ஆள் மாற்றுவது குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் மாற்றித் தரும் வங்கி இராணுவச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாவடியில் அந்தத் தாளோடு பிடிபட்டால், யார் தந்தது, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று தொடங்கிவிடுவார்கள். சட்டம் எழுதியவர்கள் ஒருமுறையாவது எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

வவுனியாவிலிருந்து சைக்கிளில் சவர்க்காரம் கொண்டுவந்து விற்கும் வியாபாரி ஒருவர் இரகசியமாகக் காசு மாற்றுவார். அவர் எங்கள் குசினிக்குள் வந்து, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கள்ளத்தாளோ எண்டு எனக்குத் தெரியாது. நான் தாற விலை சரியோ எண்டு உங்களுக்கும் தெரியாது. ஒருத்தரிட்டையும் கதைச்சுப் போடாதேங்கோ அக்கா. மூலையிலை என்ன சிவப்பு?"

"குங்குமம் தம்பி. நல்லதுக்குத்தான்" என்றார் அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே ரூபாயை எண்ணித் தந்துவிட்டு, தாளைச் சைக்கிள் சீற்றுக்குள் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை வியாபாரி வரவில்லை. அவருடைய மனைவிதான் வந்தார்.

"சாவடியிலை பிடிச்சிட்டாங்கள் அக்கா. சீற்றைக் கிழிச்சுத் தாளை எடுத்தவங்களாம். அந்தச் சிவப்பு என்ன அடையாளம், ஆர் வைச்சது எண்டு கேட்டு அடிக்கிறாங்களாம். கூடப்போன ஆக்கள் வந்து சொன்னவை."

"அவர் எங்களைச் சொன்னவரோ?"

"தெரியாது அக்கா."

அந்த மனுசி கதிரையின் நுனியில் இருந்து அழுதார். எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. போதாக்குறைக்கு அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பாஸ் கிடைத்தது. அவரும் அதே சாவடியில்தான் போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் இருதயம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. வியாபாரி இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"போறன்" என்றார் அப்பா.

வெளிக்கிடும்போது அம்மா வழமைபோல அவர் நெற்றியில் திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். அதைக் கண்டதும் ஓடிப்போய் என் சட்டைக் கையால் துடைத்தேன்.

"என்னடி செய்யிறாய்? வெளிக்கிடுற மனுசன்ரை நெத்தியை அழிக்கிறியே!" என்று அம்மா கத்தினார்.

அப்பா அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எனக்கு எட்டும்படி குனிந்தார்.

"இன்னும் ஒட்டியிருக்கும். வடிவாத் துடை பிள்ளை."