தாமானில் இருந்துவிடுகிறாயா?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், நான் எந்த வீட்டில் வளர வேண்டும் என்பது முடிவாயிற்று. முடிவு செய்தவள் நானேதான். அப்படி ஒரு கேள்வி இருந்ததே எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். அம்மா, அப்பா, பெரியம்மா, பெரியப்பா நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அது பெரியப்பாவின் காடியில் ஊர்சுற்றப் போன நாள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

யான் என்கிற ஊரின் வயல்வெளிகளுக்கு மேலே, ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நாங்கள் மூன்று பெண்கள், நான் நடு. நாலாவது அம்மாவின் வயிற்றில் இருந்தது. அம்மாவின் அக்காவான பெரியம்மா அலோர் ஸ்டாரில் இருந்தார். பெரியப்பா அங்கே அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நடுப் பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கும்படி பெரியம்மா ஒரு வருடமாகவே கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"பிள்ள வாயால வரட்டும்க்கா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கமாட்டேன். நீயும் ஆச காட்டாத. நேரா கேளு. வரேன்னு சொல்லிச்சின்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடு."

இதெல்லாம் ரொம்பப் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று காலையில் நான் பார்த்ததெல்லாம், அப்பா ஒரு பெரிய பையைக் காடியின் பின்பக்கத்தில் வைத்ததைத்தான். "மாத்துத் துணி, தண்ணியில வெளாடுவல்ல," என்றாள் அம்மா. பை புடைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு துணி மாற்றுகிற அளவுக்குத் தண்ணீர் இருக்கிற இடமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவையும் தங்கையையும் ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கேட்டால் அவர்களும் ஏறிக்கொள்வார்களோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

போகும் வழியெல்லாம் பனி. வயல்களில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். வானம் கீழேயும் இருந்தது. அலோர் ஸ்டாரைத் தாண்டி, சயாம் எல்லையை நோக்கிக் காடி போய்க்கொண்டே இருந்தது. பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம், கண்ணில் படுகிற அறிவிப்புப் பலகையையெல்லாம் சத்தம்போட்டுப் படிப்பார். அலுவலகத்தில் அவருக்கு வருகிற கடிதங்களையும் அப்படித்தான் படிப்பார் என்று பெரியம்மா கேலி செய்வார். "தாமானுக்கு இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்லா," என்றார் பெரியப்பா. தாமான் என்றால் பூங்கா என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மலாய்ப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. படத்தில் ஒரு ஊஞ்சலும் சறுக்குமரமும் ஐந்தாறு ரோஜாச் செடிகளும் இருந்தன.

இந்தத் தாமானில் ஊஞ்சல் இல்லை. காடுதான் இருந்தது. வாசலில் ஒரு மலாய்க்காரக் காவலர் பெரிய நோட்டில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று சாயங்காலம் சரிபார்ப்பார்களாம்.

"வரலன்னா?" என்று கேட்டேன்.

"வரலன்னா இங்கியே இருந்துட வேண்டியதுதான்," என்று பெரியப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பக்கத்திலேயே ஒரு பலகையில் புலிப் படம் போட்டிருந்தது. அந்த ஒரு பலகையை மட்டும் பெரியப்பா படிக்காமல் தாண்டிப் போனார். படம் இருந்ததால் எனக்கும் யாரும் படித்துக் காட்டத் தேவைப்படவில்லை.

முதலில் வந்தது ஏரி. அப்படி ஒரு அசையாத தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. நடுவில் பட்டுப்போன மரங்கள் இலையில்லாமல் வெளுத்துப்போய், இடுப்பளவு தண்ணீரில் நின்றன. ஒரு காலத்தில் அது பள்ளத்தாக்காம். தண்ணீரைத் தேக்கியபோது காடு அப்படியே அடியில் போய்விட்டதாம். நான் கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். அடியில் மரங்களுக்கு இன்னும் இலை இருக்கும், மீன்கள் கிளையில் உட்கார்ந்திருக்கும், விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன யாரோ ஒருவர் வாளியோடு இன்னும் மெதுவாக நடந்துகொண்டிருப்பார் என்றெல்லாம் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. தலைக்கு மேலே ஒரு பெரிய பறவை பறந்து போனது. அப்பாவின் லோரி மேட்டில் ஏறும்போது விடுகிற மூச்சைப் போல அதன் சிறகு சத்தம் போட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெரியம்மா ஏரியைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஆபீஸ் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டார். "இந்தத் தாமான்லியே ஒரு வீடு போட்டு இருந்துடலாம் போல இருக்குலா," என்றார்.

"இருங்களேன், யாரு வேணாங்கறா," என்றார் பெரியம்மா.

பெரியவர்கள் சும்மா சொல்கிறார்கள் என்று நினைக்கிற வயசில்லை அது. பெரியவர்கள் சொன்னால் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

அதற்குப் பிறகு பலகைப் பாதை, அது முடிந்ததும் செம்மண் பாதை. "லிச்சின்லா, வழுக்கும், மெதுவா நட," என்று எனக்குச் சொல்லிவிட்டு வழுக்கியது பெரியப்பாதான். தண்ணீர் எங்கேயோ பேசிக்கொண்டிருப்பது ரொம்ப நேரம் கேட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில், ஆயர் தெர்ஜுன் என்று நாங்கள் சொல்கிற அருவி சட்டென்று வந்தது, முதலாவது, ஆளுயரம்தான். அதற்கு மேலே ஒரு சின்ன ஏரி, கறுப்பாக. அதற்கும் மேலே இன்னொரு அருவி. ஈர மணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. நான் நடந்தபோது எழுந்து, என்னைச் சுற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. பெரியம்மாவின் காலில் அட்டை ஏறிவிட்டது. அவர் போட்ட கூச்சலில் பெரியப்பா குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் விரலால் பிடுங்கித் தூர எறிந்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அட்டை என்ன புதிதா. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடவில்லை.

மீ கோரெங் நூடுல்ஸும் சிராப்புத் தண்ணீரும் ஆனபின் மூன்றாவது அருவிக்குப் போனோம். அதுதான் பெரியது. விழுகிற தண்ணீர் கீழே வருவதற்குள் புகையாகி, வெயில் பட்டு, எங்கள் மேலே வந்து இறங்கியது. பெரியம்மா தன் புதுப் பஞ்சாபி உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி என்னைக் குளிப்பாட்டினார். பிறகு ஒரு பாறையில் என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை துவட்டி, சீப்பு எடுத்துச் சிக்கெடுத்தார். எங்கள் வீட்டில் தலை பின்னுவது வரிசையில் நிற்க வைத்து அவசரமாக முடிக்கிற வேலை. அம்மா இழுக்கிற இழுப்பில் கண்ணில் தண்ணீர் வரும். பெரியம்மா ஒவ்வொரு முடியாக, நாளெல்லாம் நேரம் இருப்பதுபோல வாரினார். எனக்குத் தூக்கம் வந்தது. அந்த நிமிடத்தில் நான் யார் பிள்ளை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பின்னல் பாதியில் நின்றது.

"கண்ணு," என்றார் பெரியம்மா. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "எங்ககூட தாமான்லியே இருந்துடுறியா?"

எனக்குத் தூக்கமெல்லாம் ஓடிப்போயிற்று. அருவியையும் காட்டையும் பார்த்தேன். ஏற்கெனவே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. புலிப் படம் நினைவுக்கு வந்தது. ஆக, பெரியப்பா சொன்னது சும்மா இல்லை. அதனால்தான் அத்தனை துணி.

"மாட்டேன்," என்றேன். "நான் மாட்டேன். நான் தோட்டத்துக்கே போறேன். எனக்கு அம்மாகிட்டப் போவணும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுத அழுகையில் பெரியப்பா தண்ணீரிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"சரிடா, சரிடா கண்ணு. அழாத. தோட்டத்துக்கே போவலாம்," என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பின்னலைப் பின்னி முடித்தார். ரிப்பனை இரண்டு முறை கட்ட வேண்டியிருந்தது. முதல் தடவை கட்டியது அவிழ்ந்துவிட்டது.

எங்கள் நாட்டில் பூங்காவுக்கும் தாமான் என்றுதான் பெயர், டவுனில் வரிசையாகக் கட்டி விற்கிற வீடுகள் இருக்கிற இடத்துக்கும் தாமான் என்றுதான் பெயர். பெரியம்மாவும் பெரியப்பாவும் அரசாங்கக் குவாட்டர்ஸை விட்டு அப்படி ஒரு தாமானில் புது வீடு வாங்கிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெரியம்மா வீடு என்றால் குவாட்டர்ஸ்தான். தோட்டத்தை விட்டுப் போனவர்களை எங்கள் பக்கத்தில் டவுனுக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். தாமான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல வருடம் கழித்து, கல்யாணமாகி ஜித்ராவில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து, "தாமான்லதான், நல்லா இருக்கு" என்று தொலைபேசியில் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாய் பாதியில் நின்றுவிட்டது. அக்கா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். அன்று நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பெரியம்மா இன்றும் அலோர் ஸ்டாரில் அதே வீட்டில்தான் இருக்கிறார். போனால் தலை வாரிவிடுகிறேன் என்பார். என் தலையில் வாருவதற்கு இப்போது அவ்வளவு முடியில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்ன பிள்ளை என்று என்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை இத்தனை வருடமும் வீணாயிற்றே என்று இருக்குமா என்று தெரியாமல், தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்று திரும்பும்போது பெரியப்பா ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை. அலோர் ஸ்டாரில் ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது, பழக்கத்தில் அவர் கை இடதுபக்க விளக்கைப் போட்டுவிட்டது. அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நேரா போங்க," என்றார் பெரியம்மா.

அவர் விளக்கை அணைத்தார். காடி நேராகப் போனது.

தோட்டத்து வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. நான் இறங்குவதைப் பார்த்ததும் அவள் பார்வை முதலில் என் மேலும், பிறகு பையின் மேலும், பிறகு தன் அக்காவின் மேலும் போயிற்று. பெரியம்மா உள்ளே வரவில்லை. "பிள்ள வாயால வந்திரிச்சி," என்று மட்டும் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடிக்கப் போனாள். பெரியம்மா அதற்குள் காடியில் ஏறிவிட்டார். பெரியப்பா மட்டும் வெளியே அப்பாவிடம் பேசிக்கொண்டு நின்றார்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். என் பள்ளிச் சீருடை இரண்டு ஜோடி, தீபாவளிக்குத் தைத்த பாவாடை, பள்ளிப் புத்தகங்கள். தண்ணீரில் விளையாடப் புத்தகம் எதற்கு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா எதையோ முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று இருந்தது.

"பெரியம்மாகிட்ட ஏன்டா கண்ணு மாட்டேன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"பின்ன என்னம்மா? அந்தக் காட்டுல போய் யாரு இருப்பா? புலியெல்லாம் இருக்கு. பெரியம்மா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்."

அம்மாவின் கை சீருடையின் மேல் நின்றது. "காட்டுலயா?"

"ஆமா. தாமான்லியே இருந்துடுறியான்னு கேட்டாங்க. அந்த ஆயர் தெர்ஜுன் பக்கத்துல."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அப்போதுதான் கிளம்பிய காடியின் சத்தம் இன்னும் மேட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவை ஓடவிட்டிருந்தால் வளைவில் பிடித்திருக்கலாம். அம்மா எழுந்திருக்கவில்லை. சத்தம் தேய்ந்து, இல்லாமல் போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னை இழுத்துத் தன் பெரிய வயிற்றோடு சேர்த்து அணைத்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"இத யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டகூட. பெரியம்மாகிட்ட என்னைக்குமே சொல்லாத, சரியா?"

அவள் உடம்பு குலுங்கியது. அவள் கண்ணீர் என் வகிட்டில் விழுந்தது. என்னைக் காட்டில் விட்டுவிட்டு வரப் பார்த்தார்கள் என்று தெரிந்து அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பெரியம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது. வாயைப் பொத்தியிருந்த விரல்களை விலக்கிக்கொண்டு, "பெரியம்மாவத் திட்டாதம்மா," என்றேன். "அவங்க நல்லவங்க."