கோமதிநாதன் மாமா சொன்ன சரி

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாம் கலைந்தபின், மீனலோசினி அவருடைய வெறுங்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கழுகுமலை ரோட்டில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்குள் மத்தியான வெயில் ஜன்னல் வழியே சாய்ந்திருந்தது. வெயிலில் தூசி மெல்ல மெல்ல மிதந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு அது பஞ்சாகவே தெரிந்தது.

கோமதிநாதன் மாமா அவள் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தார். வரிசையாக ஓடும் எந்திரங்களுக்கு நடுவே நடந்து நடந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்ட வேண்டும். அந்தக் கூரைக்குள் நடந்ததைச் சேர்த்துவைத்தால் காசிக்குப் பலமுறை போய்த் திரும்பியிருப்பார். ஷிப்ட் முடிந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கும்போது புருவத்தில், மீசையில், காதுமடலில் எல்லாம் பஞ்சு. மாமா மேகம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறார் என்றுதான் மீனா ஐந்து வயதுவரை நம்பியிருந்தாள்.

"ஆமா மக்கா, இன்னைக்கு ரெண்டு மேகம் செஞ்சி வாசுதேவநல்லூர் பக்கம் அனுப்பிட்டேன்" என்று அவரும் அளந்துவிடுவார். மழை பெய்யாத வருஷம், மில்லில் ஸ்டிரைக் என்று சமாளித்தார்.

மில் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அங்கே எல்லோரும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மாமாவும் கூட வேலை பார்த்த முகம்மது சாதிக்கும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தெருவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இப்படியே அரட்டை அடிப்பார்கள். நடுவில் நிற்கும் மீனாவுக்குப் பொறாமையாக இருக்கும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் மாமாதான். ஊர் ஊராக அலைந்து விசாரித்து, தங்கமான பையன் என்றார். அந்தத் தங்கம் கை நீட்டுகிற ஜாதி என்பது சென்னைக்குப் போனபிறகுதான் தெரிந்தது. நாலு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவுக்கு போன் போட்டாள்.

"மாமா, நான் அவர விட்டுட்டு வந்துட்டேன். இனிமே போவ மாட்டேன். நீங்க பாத்த மாப்பிள்ள... மன்னிச்சிருங்க மாமா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மாமாவின் குரல் வந்தது. "சரிம்மா. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும். சாப்பிட்டியா?"

அந்த ஒரு சரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வேலை தேடினாள், வக்கீலைப் பார்த்தாள், நிம்மதியாகத் தூங்கினாள். ஊருக்கு வந்து அவர் முன்னால் நிற்க மட்டும் தைரியம் வரவில்லை. எட்டு மாதத்தில் மாமா போய்விட்டார்.

துஷ்டி கேட்க வந்த பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "பாவம், ரெண்டு வருசமா போன்ல ஒரு எழவும் கேக்காது அவியளுக்கு. எதுக்கெடுத்தாலும் சரி சரிம்பாவ."

அந்தப் பேச்சு பதினாறு நாளாக மீனாவின் நெஞ்சில் கிடந்து அறுத்தது. கேட்காத காதிலா இத்தனையும் சொன்னோம்? அப்படியானால் அந்தச் சரி எதற்கு?

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சாதிக்கை உள்ளே கூப்பிட்டுக் கேட்டே விட்டாள்.

"கேக்காதுதாம்மா" என்றார் சாதிக். "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழம நான் வந்துருவேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு எதுக்க உக்காருவேன். நீ பேசப் பேச நான் வாயசைப்பேன். அண்ணாச்சி பாத்துட்டுப் பதில் சொல்லுவாவ. மில்லுல பேசுன மாதிரிதான்."

"அப்ப அன்னைக்கு நான் சொன்னதயும் சொன்னீங்களா?"

சாதிக் தலைகுனிந்துகொண்டார். "இல்லம்மா. உன்கிட்ட பொய் சொல்லப்படாது. அவிய பாத்த மாப்பிள்ளையாச்சே, எப்பிடிச் சொல்லுவேன்? எனக்கு உதடு நடுங்குச்சி, கண்ணு ரொம்பிட்டு."

"அப்ப மாமா எதுக்கு சரின்னாங்க?" என்றாள் மீனா.

"அண்ணாச்சி என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாவ. பொறவு சத்தமில்லாம வாயசச்சாவ. 'புள்ள அழுதாளா வே? வெவரத்தச் சொல்லாதயும். வெவரம் கேட்டா நான் யோசிப்பேன். யோசிச்சா ரெண்டு வார்த்த ஏத்தமா எறக்கமா வந்துரும்.' அப்பிடிச் சொல்லிட்டுத்தான் போன எடுத்து சரின்னாவ."

"அப்புறமாவது கேக்கலயா?"

"கேக்கலம்மா. சாவுத வரைக்கும் கேக்கல."

சாவன்றைக்கு வராத அழுகை மீனாவுக்கு அப்போதுதான் வந்தது. தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.