இரண்டு வாரமும் ஒரே அளவு

எங்கள் சரக்கு நிறுவனத்தின் கணினி ஆபரேட்டர் ரூபி உயர்நிலை நான்கோடு படிப்பை நிறுத்தியவர். அச்சாகி வரும் பட்டியலை வரி வரியாகப் பென்சிலால் கோடிட்டுப் பார்ப்பார். எங்கள் ஊரின் முதல் பட்டதாரியான நான் அதில் ஓகே என்று கையெழுத்துப் போடுகிறவன்.

1986. ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசைக்குக் கட்டிய சேலையோடு சிராங்கூன் சாலையிலிருந்த என் அறைக்கு ஓடிவந்தார். ஒரு கையில், ஃபோன் ரிசீவரைப் பதித்தால் கணினியோடு பேசும் டெர்மினல் பெட்டி; மறுகையில் பூசைப் புத்தகத்துக்குள் மடித்த பட்டியல்.

"ரெண்டு வாரமும் பேக்கப் ஃபைல் ஒரே சைஸ். பாத்தீங்களா?"

"பாத்துதானே ஓகே போட்டேன்."

"நடுவுல நானூறு கன்டெய்னர் வந்திருக்கு, டிகிரிக்காரரே! எப்படி ஒரே சைஸ் இருக்கும்?"

பட்டியலை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. அந்தக் கணினியில் எந்த ஃபைலும் ஓர் அளவுக்கு மேல் வளராது. பேக்கப், அதாவது பதிவுகளின் நகல், அந்த எல்லையிலேயே நின்றுபோயிருக்கிறது. இரண்டு மணிக்கு ஜூரோங்கிலுள்ள எங்கள் கணினி அறையில் பொறியாளர், புதியது மாட்டுவதற்காகப் பழைய டிஸ்கை அழிப்பார். பேக்கப்பில் ஏறாத பதிவெல்லாம் போய்விடும். மணி ஒன்று முப்பத்தைந்து. டாக்ஸி பிடித்தாலும் இரண்டைத் தாண்டும். அந்த அறையில் பேசுவதற்கு ஃபோன் கிடையாது; கணினிக்கு மட்டும் ஒரு இணைப்பு உண்டு.

வெளியிலிருந்து கூப்பிட்டால் கணினி இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆபரேட்டர் பேரில் பதிவான எண்ணுக்குத் தானே திரும்பக் கூப்பிடும். மூன்று முறை தவறினால் நாளைவரை திறக்காது. ரூபி பிடோக்குக்குக் குடிபோய் ஒரு மாதம். அங்கே இன்னும் ஃபோன் வரவில்லை. பதிவில் இருந்தது, இரண்டு தெரு தள்ளி அவருடைய பழைய வீட்டுக்குக் கீழே ஆமினா பீவி நடத்தும் மளிகைக்கடை எண். அங்கே ஓடி, கணினியைக் கூப்பிட்டுவிட்டு அது திரும்பக் கூப்பிடக் காத்திருந்தோம்.

முதல் மணியை ஆமினா பீவியே எடுத்துவிட்டார். "என்னடி இது, பூனை கத்துது!" என்று, கணினியின் கீச்சொலியைக் கேட்டு டக்கென்று வைத்தார்.

இரண்டாம் முறை அவசரத்தில் ரூபி வைத்த ரிசீவர் டெர்மினலின் குழிகளில் சரியாக உட்காரவில்லை.

மூன்றாவது மணி. "பீவிம்மா, தொடாதீங்க லா!"

இணைப்பு கிடைத்தது. பேக்கப் முழுமையில்லை, டிஸ்கைத் தொட வேண்டாம் என்று ரூபி தட்டினார். மணி ஒன்று ஐம்பத்தாறு. டெர்மினலில் பதில் அச்சாகும் தாள் நகரவில்லை. பிறகு பொறியாளரிடமிருந்து ஒரு வரி: 'யார் இது? ஓகே என்று கையெழுத்து இருக்கிறதே.'

ரூபி என்னைப் பார்த்தார்.

"தப்பா போட்டேன்னு எழுதுங்க. என் பேரைப் போடுங்க," என்றேன்.

எழுதினார். சற்றுக் கழித்து, 'சரி. எவ்வளவு நேரம் ஆகும்?'

"துண்டு துண்டா எடுக்கணும். மூணு மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டே ரூபி தட்டினார்.

"மூணு மணி நேரமா?" ஆமினா பீவி கல்லாவிலிருந்து எழுந்தார். "என் கடை ஃபோன் லா அது!"

ரூபி அதற்குள் முதல் துண்டைத் தொடங்கியிருந்தார்.