பிழையே செய்யாத தாண்டவராயன்

நெல்லிவாசல்நாட்டில் தாண்டவராயன் என்றொரு விவசாயி இருந்தார். நாற்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவர் செய்த தவறு என்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. ஏர் ஓட்டினால் சால் கோணாது. புளி உலுக்கினால் பிஞ்சு விழாது. இப்பேர்ப்பட்டவரையும் பொறாமை பிடித்து ஆட்டிய வரலாறு இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று டாக்டர் சீட்டில் எழுதுவார். அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டுவது உள்ளூர்த் தொண்டர்களின் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது, நமக்கு இடது பக்கம் இருக்கும் என்பது தொண்டராகப் போயிருந்த தாண்டவராயனுக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் ஒட்டிய வேடியப்பனுக்கு விளங்கவில்லை. காலையிலேயே மூன்று பேருக்கு மாற்றி ஒட்டினார்.

தொண்டர்களுக்குத் தலைவி அம்மாக்கண்ணு, அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். அதட்டத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேடியப்பன் அருகில் வந்து நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "களி துன்ற கையத் தூக்கச் சொல்லுங்கணா. அந்தப் பக்கந்தான் வலது," என்பார். மூன்றாம் தடவை சுக்குக் காப்பியும் வந்தது. தாண்டவராயனைக் கடக்கும்போது மட்டும் நிற்கவே மாட்டார். நிற்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் சரியாக இருக்கிறதே.

தப்புப் பண்ணுகிறவனுக்குக் காப்பியா? தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது. தனக்கும் அப்படி ஒரு வார்த்தை கிடைத்தாக வேண்டும். நன்றாக யோசித்து, அம்மாக்கண்ணு பார்க்கிற நேரமாகப் பார்த்து, குப்பம்மாள் என்பவருக்கு வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணுக்கு மேல் ஒட்டினார். அதையும் கோணாமல் ஒட்டினார்.

அம்மாக்கண்ணு வந்தார். வலிக்காமல் பிய்த்து மாற்றி ஒட்டினார். பிறகு தாண்டவராயனின் கண்களை உற்றுப் பார்த்தார்.

"உங்க கையில தப்பே வராதே, இன்னாணா ஆச்சு? சீட்டுல எழுத்து தெரியலயா? வெக்கப்படாதீங்க."

கையைப் பிடித்து அழைத்துப்போய் நோயாளிகள் வரிசையின் கடைசியில் உட்காரவைத்தார். தாண்டவராயனின் பிளாஸ்திரிச் சுருளும் வேடியப்பனிடம் போயிற்று.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சீட்டில் எழுதினார்: 'இரு கண்ணிலும் பழுதில்லை.'

அங்கேயும் ஒரு பிழை அகப்படவில்லை.

சீட்டைப் பார்த்து அம்மாக்கண்ணு மனதாரச் சந்தோஷப்பட்டார். "நல்லதாப் போச்சுணா. நீங்க போயி நிழல்ல உக்காருங்க. வேடியண்ணன் இப்பத்தான் கத்துக்கினு வர்றாரு."

வேடியப்பன் அப்போது ஐந்தாவது நெற்றியில் மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் பக்கம் நடந்தார்.