நான்காவது பெல்ட்

கரடி என்ற பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. காருக்கு அடியில் படுத்திருக்கும்போது யாராவது கூப்பிட்டால் உள்ளேயிருந்து ஓர் உறுமல்தான் பதிலாக வரும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மனைவி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். அவள் எந்தப் பெயரும் சொல்வதில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி.

ஷெட் மாமனாருடையது. இடது பாதியில் கரடியின் மெக்கானிக் வேலை. காரைத் தூக்கி நிறுத்தும் அவருடைய ஒரே லிஃப்ட் அங்கேதான் நின்றது. வலது பாதியில் மச்சினன் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். மச்சினனை எல்லோரும் பெயிண்டர் என்றார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருமுறை கரடி பெயிண்ட் காயாத பானட்டின் மேல் கையை ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் பதிந்தது. அந்த வாரமே அவருடைய ஸ்பேனர் பெட்டி முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. எந்த ஸ்பேனரிலும் நம்பர் தெரியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "அவன்கிட்ட சொல்லுங்க மாமா" என்று இவரும், "அவருக்குச் சொல்லுங்கப்பா" என்று அவனும் மாமனார் வழியாகப் பேசினார்கள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் ஒரு சட்டம் போட்டார். பெயிண்ட் அடித்த பொருளைக் கரடி கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. அதெல்லாம் பெயிண்டர் பொறுப்பு. மற்ற எதிலும் பெயிண்டர் கைவைக்கக் கூடாது. சண்டை குறைந்தது. வெறுப்பு அப்படியே இருந்தது.

பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது இந்தச் சமயத்தில்தான். இரண்டே பேர் உட்காரும் வண்டி. என்ஜினுக்குள் காற்றை வலுவில் திணிக்கிற சூப்பர்சார்ஜர் என்ற பம்ப் அதில் இருந்தது. அந்தப் பம்பைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். டாக்டருக்குப் பானட்டைத் திறந்தாலும் அழகாக இருக்க வேண்டும். பம்பைத் தாங்கும் பிராக்கெட்டைப் பெயிண்டர் கழற்றி, சிவப்படித்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றி, சட்டப்படி அவனே திரும்ப மாட்டினான். டாக்டர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு பெல்ட் அறுந்தது. கரடி மட்டமான பெல்ட் என்று சொல்லிப் புதிது மாட்டினார். அதுவும் அறுந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்று அதை மாற்றினார். அடுத்த பெல்ட் டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் போனது. இழுத்து வந்த வண்டிக்குப் பின்னாலேயே பட்டு வேட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

பெயிண்டர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"அத்தானுக்கு இந்த மாதிரி வண்டி பழக்கமில்ல சார். மாட்டு வண்டின்னா பிரச்சினையே இல்ல. அதுல பெல்ட் கிடையாது."

டாக்டர் சிரித்தார். மாமனாரும் சிரித்ததைக் கரடி கவனித்தார்.

பெயிண்டருக்கு வேண்டியது என்ன என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு பெயிண்ட் அறை கட்ட வேண்டும். மாமனார் இதுவரை பிடி கொடுக்கவில்லை. அன்று மருமகனைக் கூப்பிட்டு நிற்க வைத்தே சொன்னார். இன்னொரு தடவை இந்த வண்டி வழியில் நின்றால் லிஃப்ட் இருக்கும் இடம் மகனுக்கு. கரடி வேறு ஷெட்டில் போய்ச் சம்பளத்துக்கு நிற்கலாம்.

கரடி மேஜைக்குப் போனார். அறுந்த பெல்ட்டுகளை மேஜையில் வரிசையாகப் போட்டுக் குனிந்து பார்த்தார். எல்லாம் ஒரே பக்க ஓரத்தில்தான் தேய்ந்திருந்தன. பெல்ட் கெட்டுப்போய் அறுந்துபோகவில்லை. அது சுற்றும் சக்கரமான புல்லியிலிருந்து ஓரம் கட்டி ஏறி, விளிம்பில் அறுபட்டிருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு புல்லி சாய்கிறது. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தன. இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கரடி ஷெட்டில் கிடந்த, அறுபடாத பழைய பெல்ட் ஒன்றை மாட்டி, என்ஜினைக் கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டு நிறுத்தினார். அந்தச் சூட்டிலேயே கையை உள்ளே விட்டு மறுபடி ஸ்கேலை வைத்தார். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றது. மேல் புல்லி சாய்ந்திருந்தது.

பிராக்கெட்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். இறுக்கமாக இருக்க வேண்டிய போல்ட் அரைச் சுற்று சும்மா சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தார். பிராக்கெட் என்ஜின் மேல் உட்காரும் இடத்தில், இரண்டு இரும்புக்கும் நடுவிலிருந்து சிவப்புப் பெயிண்ட் உதடு மாதிரி பிதுங்கியிருந்தது.

மடையன், வெளியே அடித்ததோடு நிற்கவில்லை. இரும்போடு இரும்பு சேர வேண்டிய முகத்திலும் கோட்டிங் மேல் கோட்டிங்காக ஏற்றியிருக்கிறான். சூடானால் அது இளகுகிறது, நசுங்குகிறது, போல்ட் தளர்கிறது, புல்லி சாய்கிறது. கரடி காருக்கு மேல் குனிந்தபடியே சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் ஷெட்டில் யாரும் இல்லை. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

அப்போதே மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன ஆகும்? மகனை இரண்டு திட்டு திட்டுவார். பெயிண்டர் சுரண்டிவிட்டு மாட்டுவான். அதோடு முடிந்துவிடும். கரடிக்கு அது போதவில்லை. வேலை முடிந்த வண்டியை டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போவது எப்போதும் பெயிண்டர்தான். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அவன் கையிலேயே அறுந்து நடுரோட்டில் நிற்கட்டும், அதற்குப் பிறகு பிராக்கெட்டைக் கழற்றிக் காட்டலாம் என்று நினைத்தார். போல்ட்டை இறுக்கினார். நான்காவது பெல்ட்டை மாட்டினார். இறுக்கிய இறுக்கத்துக்கு மேம்பாலம் வரை தாங்கும். ஏற்றத்தில் போய்விடும்.

"ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க மாமா" என்றார்.

பெயிண்டர் வண்டியைக் கிளப்பினான். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, இந்தத் தடவை நானே கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வந்து கதவைத் திறந்தார். கீல்வாதக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்க நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் கரடி கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இறங்குங்கள் என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். வண்டி போனது.

திரும்பி வந்தபோது முன்னால் லாரி, பின்னால் கயிற்றில் சிவப்பு வண்டி. மாமனாரின் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. அறுந்த பெல்ட் சாட்டை மாதிரி வீசி ரேடியேட்டர் குழாயைக் கிழித்துவிட்டது. பாலத்தின் நடுவில் கண்ணாடி முழுக்க ஆவி, எதிரே ஒன்றும் தெரியவில்லை, பின்னால் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடித்தபடி மாமனார் இதைச் சொன்னார்.

பெயிண்டர் கத்தினான். டாக்டருக்குப் போன் போட்டு வரவழைத்து, அவர் முன்னாலும் கத்தினான். கரடி அவனைக் கத்தி முடிக்க விட்டார். பிறகு சட்டத்தை மீறி, பிராக்கெட்டைத் தானே கழற்றி மேஜையில் கவிழ்த்தார். பிளேடால் சுரண்டினார். சிவப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்தது. டாக்டருக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். கரடி அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

மாமனார் மகன் பக்கம் திரும்பினார்.

"உக்கார்ற இடத்துல எவன்டா பெயிண்ட் அடிப்பான்?"

பெயிண்டர் உரிந்த சுருளை விரலால் தொட்டுப் பார்த்தான். அதோடு விட்டிருந்தால் கரடியின் லிஃப்ட் தப்பியிருக்கும். ஆனால் அவன் முதல் தடவையாகக் கரடியை நேராகப் பார்த்துப் பேசினான்.

"நாலு பெல்ட் அறுந்தப்புறம்தானே அத்தானுக்கு விளங்குது. நாலு அறுந்தா என் பொண்ணே கண்டுபிடிப்பா. அவ ரெண்டாங்கிளாஸ்."

எந்தத் திட்டும் கரடியைத் தொடாது. கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்பது மட்டும் தொடும்.

"நீ வண்டில ஏறுறதுக்கு முன்னாடியே தெரியும்டா எனக்கு."

டாக்டர் பிராக்கெட்டிலிருந்து கண்ணை எடுத்தார். மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஏறினப்போ?"

கரடி பிளேடைத் துடைத்தார்.

"தெரியும்."

மாமனார் மகனிடம் திரும்பி, லிஃப்ட் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள் என்றார். கரடி பிராக்கெட்டின் முகத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டினார். குழாயை மாற்றினார், புதுப் பெல்ட் போட்டார், கொதிக்க விட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தார். புல்லி அசையவில்லை. டாக்டர் நன்றி சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வண்டிக்கு அதற்குப் பிறகு பெல்ட் தொல்லை வந்ததாகத் தகவல் இல்லை.

லிஃப்ட்டைக் கழற்றப் பெயிண்டர் ஆள் கூட்டி வந்தபோது கரடி அவர்களைக் கிட்டே விடவில்லை. போல்ட்டின் திருகு மரை கெட்டுவிடும் என்று ஒவ்வொரு போல்ட்டாகத் தானே கழற்றினார். பெயிண்டர் டேப் பிடித்துத் தரையை அளந்துகொண்டிருந்தான்.

விஷயம் வீட்டுக்கு அவருக்கு முன்பே போயிருந்தது. மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தெரியாதுன்னு சொல்லிருந்தா என்ன?"

"என் தொழில்ல எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"எங்கப்பா உள்ள இருந்தாரு."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் தாண்டாதுன்னும் தெரியும். பெருசா ஒண்ணும் ஆயிருக்காது."

"அதுவும் தெரியுமா" என்றாள்.

குழம்புச் சட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் அப்பா வீட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.