சிவப்புக் கட்டங்களும் சித்தியின் சலவைக்கடையும்

திங்கள்கிழமை காலை தொழில்நுட்பக் கல்லூரியின் மாடி லேபில், ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் கத்திரி. பாதி எடிட் செய்து வைத்திருந்த வீடியோவைத் திறந்தாள். அடுக்கி வைத்த துண்டுகள் அதனதன் இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒன்றில்கூடப் படம் இல்லை. எல்லாம் வெறும் சிவப்புக் கட்டங்கள்.

கத்திரி என்பது வகுப்பு வைத்த பெயர். பேசுகிறவர் கொஞ்சம் திணறினால் போதும், அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவாள். வீடியோ தயாரிப்பும் வெப் டிசைனும் சேர்ந்த இரண்டு வருடப் படிப்பில் இதுதான் கடைசி ப்ராஜெக்ட். நிஜமான ஒரு கடையைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ, அதைப் போட ஒரு வெப்சைட். புதன்கிழமை மதியத்துக்குள் சாருடைய கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இதே பெஞ்சுதான்.

வெப்சைட்டை என்றோ முடித்துவிட்டாள். அதன் நடுவில் வீடியோ வர வேண்டிய இடம் மட்டும் கறுப்பாகக் காத்துக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் பென் டிரைவ்ல காப்பி பண்ணச் சொன்னேனே, பண்ணியா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாள். அவன் அவளுடைய ஜோடி. கேமரா ஸ்டாண்டைப் போல ஒல்லியாக, உயரமாக இருப்பதால் ஸ்டாண்டு.

"பண்ணிட்டேனே. ரெண்டே செகண்டுல முடிஞ்சுது."

"ரெண்டு மணி நேரம் எடுத்த படம் ரெண்டு செகண்டுல எப்படிடா முடியும்?"

"புது பென் டிரைவ், அதான் வேகம்னு நெனச்சேன்."

அவன் எடுத்து வந்தது ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும். எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்ற குறிப்புத்தான் அதில் இருக்கும். சமையல் குறிப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு காய்கறியைக் கடையிலேயே விட்டு வந்த கதை. படங்களெல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப் உதவியாளர் எல்லாக் கம்ப்யூட்டரையும் சுத்தமாகத் துடைத்துவிடுவார்.

"கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்ல? கண்ணை வீட்ல வச்சிட்டு வர்றீங்களா?" என்றார் அவர், ஓடிப்போய்க் கேட்டபோது.

"கேமராவோட மெமரி கார்டாவது இருக்கா அண்ணா?"

"அடுத்த டீம் அதை அழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. அதுல இப்ப அவங்க எடுக்குற பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓடிட்டிருக்கு."

மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. கத்திரி அம்மாவின் தங்கைக்கு போன் போட்டாள். அவர்கள் படம் எடுத்த சலவைக்கடை அவருடையது. முதல் முறை எடுத்தபோது சித்தி அரை நாள் வேலையை நிறுத்தி, புதுப் புடவை கட்டி, இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தார்.

"மறுபடியுமா? உங்களுக்கு வேற வேலையே இல்லையாடி? ஓட்டல்காரன் நூத்திருபது பெட்ஷீட்டைக் கொண்டு வந்து கொட்டியிருக்கான். நாளைக்குக் காலைல தரணும்."

"சித்தி, நான் ஃபெயிலாயிடுவேன்."



"வந்து தொலை. ஆனா நிக்க மாட்டேன், சிரிக்க மாட்டேன். குறுக்க வந்து சூடு பட்டா நான் பொறுப்பில்லை."

அன்று மதியமே இன்னொரு கேமராவோடு போனார்கள். சித்தி சொன்னபடியே நிற்கவில்லை. ஸ்டாண்டு கேமராவை எங்கே வைத்தாலும், "தம்பி, தள்ளு" என்று சித்தி அதை முழங்காலால் நகர்த்தினார். முகத்தை எடுக்கலாம் என்றால் ஆவி மறைத்தது. பேச்சை எடுக்கலாம் என்றால் நடுவில் பட்டன் போன ஒரு வாடிக்கையாளரோடு சித்திக்குச் சண்டை. "பட்டன் நான் பிடுங்கலைங்க. நீங்க போட்டுட்டு வந்தப்பவே உங்க வயிறு பிடுங்கிடுச்சு!" கத்திரிக்குப் பொறுமை போய்விட்டது. முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுக்கச் சொன்னாள். ஈரத் துணியை உதறும் கை, மூலையைப் பிடித்து மடிக்கும் கை, காலரில் இருக்கும் கறையை நகத்தால் சுரண்டிப் பார்க்கும் கை. பேச்சுக்கு அந்தப் பட்டன் சண்டையையே வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க எடிட்டிங். முடிந்ததும் வேறு இடத்திலும் ஓடுகிறதா என்று பென் டிரைவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். பிறகு நூலகத்தில் போட்டுப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரையும் பார்த்துட்டுதான் வருவியா?" என்றான் ஸ்டாண்டு.

புதன்கிழமை சார் வெப்சைட்டைத் திறந்தார். வீடியோ ஓடியது. பட்டன் சண்டை வந்ததும் அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா சளியா என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது.

"ஓடுது. பாஸ். அடுத்த டீம்."

படம் போனது, கார்டு போனது, சித்தி திட்டியது எல்லாவற்றையும் சொல்ல இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள் கத்திரி. திறந்த வாயோடு வெளியே வந்தாள்.

"என்ன பாடுபட்டோம்! ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்?"

"கேட்டிருந்தா யாரால ஆச்சுன்னு சொல்லியிருப்ப?" என்றான் ஸ்டாண்டு.

"உன்னாலன்னுதான்."

"நல்ல சார். அவரை ஒண்ணும் சொல்லாத."